கம்பத்தில் பட்ட பந்து

ஃபுருசெட், ஒஸ்லோ
செப்டெம்பர் 2006

அன்பு மகள் கஜேந்தினிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்பால் சுகம். உடம்பால் என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். மெல்பேர்ணில் நீயும் சித்தி குடும்பமும் எல்லா வகையிலும் சுகமாக இருக்க முருகன் துணை நிற்கட்டும். உன் கீழுதட்டுக் காயம் ஆறிவிட்டதா என்று முதலில் எழுது. தையல் போட்டார்களா?

நீ டெலிபோன் எடுத்தபோதெல்லாம் அப்பா வேலைக்குப் போய்விட்டார் என்று அம்மா சொன்னாள். அது பொய். நான் பக்கத்துக் கதிரையில் இருந்து, இல்லை என்று சொல்லும்படி கையைக் காட்டிக்கொண்டிருந்தேன். கடைசியாக நீ எடுத்த நேரம் அம்மா ரிசீவரை என் பக்கம் நீட்டினாள். நான் எழும்பிப் போய்க் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டேன். ஒஸ்லோ நகரத்துக்குள்ளே ட்ரிக் என்கிற ட்ராம் வண்டி ஓட்டுகிற மனிதன், பெற்ற மகளின் குரலுக்குப் பயந்து தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அன்றைக்கு அம்மா சொன்னாள், "இனி உங்களுக்காகப் பொய் சொல்லமாட்டன். வாயாலை சொன்னதை நீங்களே கையாலை எழுதி அனுப்புங்கோ" என்று. அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைப்பது சாப்பாட்டு நேரத்தில் மட்டும், அதுவும் உப்பு வேண்டுமா என்ற அளவில்.

மற்றப் புதினங்களைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் முழங்கால் நோ குறைந்திருக்கிறது. முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்குகிற வேலையிலிருந்து அவளை மாற்றிவிட்டார்கள். எனக்கு இந்த மாதம் காலை ஓட்டம். தண்டவாளம் திருத்துகிறார்கள் என்று பாதி வழியில் சனத்தை இறக்கி பஸ்ஸில் ஏற்றிவிடுகிறோம். ஏச்செல்லாம் ஓட்டுகிறவனுக்குத்தான். நம்முடைய விளையாட்டுக் கழகத்துச் சின்னப் பையன்கள் இந்தக் கோடையில் ஒரு கிண்ணம்கூட எடுக்கவில்லை. பயிற்சி கொடுப்பவன் நானென்றால் வேறெப்படி இருக்கும் என்று வின்சென்ற் மாமா பகிடி பண்ணுகிறார். பண்ணினார் என்று எழுதவேண்டும். இப்போது பண்ணுவதில்லை.

இனிமேலும் சுற்றி வளைக்க வழியில்லை பிள்ளை.

சித்தியின் சின்னவள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியச் சடங்கு முடிந்ததிலிருந்து, அந்த டிவிடி வரும் வரும் என்று அம்மா கோயிலிலும் கடையிலும் சொல்லிவைத்திருந்தாள். நம் வழக்கம் உனக்குத் தெரியும். மெல்பேர்ணில் சடங்கு என்றால் ஒஸ்லோவில் றோல்ஸ் பொரிக்கவேண்டும். சொந்தக்காரர் வீட்டு டிவிடியைத் தனியாக இருந்து பார்ப்பது, கதவைச் சாத்திக்கொண்டு கலியாணச் சோறு தின்பதைப் போல. ஆகவே சித்தியின் கையெழுத்தோடு உறை வந்து, உள்ளே பெயர் எழுதாத ஒரு டிவிடி இருந்ததும், போட்டுப் பார்ப்போம் என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஆட்களைத்தான் அழைத்தோம். சடங்கு டிவிடி இன்னும் எடிட்டிங்கில் கிடக்கிறதென்பதும், வந்தது நீ எனக்கென்று கொடுத்துவிட்டதென்பதும் பிறகு சித்தியிடம் கேட்டபோதுதான் தெரிந்தது.

வந்தவர்கள் இரண்டு குடும்பம். வின்சென்ற் மாமாவும் அனஸ்ரேசியா மாமியும். மற்றது சிவானந்தனும் தங்கேஸ்வரியும். சிவானந்தனைப் பற்றி உனக்கு ஒன்று சொல்லவேண்டும். அவர் மகள் யதுர்ஷா பள்ளிக்கூடத்து ஹொண்ட்பால் அணியில் நன்றாக விளையாடுகிறாள். பேர்கனில் நடக்கிற போட்டிக்கு அணியோடு போய் இரண்டு இரவு தங்கக் கேட்டிருக்கிறாள். சிவானந்தன் கோயில் அன்னதானத்தில் என்னிடம் யோசனை கேட்டார். நான்தானே விளையாட்டு வாத்தியார். நான் சாம்பாரைக் கிளறியபடி சொன்னேன், "ஐசே, பெடியளெண்டால் வேறை. பொம்பிளைப் பிள்ளையைக் கட்டைக் காற்சட்டையோடை ஊரூராய் விடாதையும். என்ர மகளைப் பாரும், அவுஸ்திரேலியாவிலை தனிய நிண்டும் ஞாயிற்றுக்கிழமையிலை நூலகத்தை விட்டு எழும்பாள்" என்று. அவர் அதைக் கேட்டு வீட்டுக்குப் போய் மகளை நிறுத்திவிட்டார். பேர்கன் மட்டுமல்ல, பயிற்சியையும்.

நீ ஏதோ கழகத்தில் சேர்ந்ததாகச் சொன்னபோது நான் பூப்பந்து என்று நினைத்தேன். நீயும் திருத்தவில்லை. அதில் உன்மேல் குறை இல்லை. நேரில் காட்டி என்னை ஆச்சரியப்படுத்த நினைத்திருக்கிறாய்.

டிவிடியைப் போட்டோம். முதலில் ஒரு பெரிய புல்வெளி, காற்றுச் சத்தம், தூரத்தில் மரங்கள். தங்கேஸ்வரி சொன்னாள், "வெளிக்காட்சியை முதல் போட்டிருக்கினம். இனிப் பிள்ளை குடையோடை நடந்து வரும், பாட்டுப் போகும்" என்று. எங்கள் சடங்கு வீடியோக்களில் அப்படித்தானே, பூங்காவில் பிள்ளையை மெல்ல மெல்ல நடக்கவிட்டு எடுப்பார்கள். நாங்களும் குடைக்காகக் காத்திருந்தோம். குடை வரவில்லை. கையில்லாச் சட்டையும் கட்டைக் காற்சட்டையும் போட்ட பெண்கள் ஒரு கூட்டமாக ஓடி வந்தார்கள். ஒருத்தி பல் உடையாமலிருக்க வாய்க்குள் ஒரு ரப்பரைத் திணித்தாள். முட்டை மாதிரி ஒரு பந்தை நடுவர் நிலத்தில் அடித்தார். அடுத்த கணம் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள்.

சேற்றுக்குள்ளிருந்து இருபத்துமூன்றாம் இலக்கம் எழும்பியது.

முகம் தெரியவில்லை. முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாய், தலையில் ஒரு மெத்தைத் தொப்பி. ஆனால் நீ ஓடினாய். இடது முழங்கையை வெளியே தள்ளிக்கொண்டு ஓடுகிற ஓட்டம் உலகத்தில் ஒருத்திக்குத்தான் இருக்கிறது. பள்ளிக்கூட முற்றத்துப் பனியில் விழுந்து கை முறிந்த வருடத்திலிருந்து நீ அப்படித்தான் ஓடுகிறாய். அம்மா தட்டோடு குசினி வாசலில் நின்றுவிட்டாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

தங்கேஸ்வரிதான் கேட்டாள், "ஞானண்ணை, அந்த இருபத்துமூண்டு எங்கட ஆக்கள் மாதிரிக் கிடக்கு. கஜேந்தினியின்ர சாயல் இல்லையோ?" என்று.

சிவானந்தன் என் வலப்பக்கத்தில் இருந்தார். அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன் பிள்ளை. சிரித்துக்கொண்டே சொன்னேன், "உமக்கென்ன விசரே? என்ர பிள்ளை இப்பிடி நிப்பாளோ? இது ஆரோ தாய் தேப்பன் கவனியாமல் விட்ட பிள்ளை. மச்சாள் பிழையான டிவிடியை அனுப்பிப்போட்டாள்" என்று.

சொன்னது இவ்வளவுதான். ஒரு சொல்லும் குறைக்கவில்லை, கூட்டவில்லை. இதை நீ வேறு யாரிடமிருந்தும் கேட்பதற்கு முன் என்னிடமிருந்து கேட்கவேண்டும். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். அந்த உபதேசத்தைக் காப்பாற்ற உன்னைக் கைவிட்டேன்.

நிறுத்திவிடலாம் என்று ரிமோட்டை எடுத்தேன். அனஸ்ரேசியா மாமி விடவில்லை. "றோல்ஸ் பொரியுமட்டும் ஓடட்டும். பெட்டையள் அடிபடுறதைப் பாப்பம்" என்றார். றோல்ஸ் பொரிந்து முடிந்தும் ஒருவரும் எழும்பவில்லை.

அவுஸ்திரேலியக் கால்பந்து என்கிற உன் விளையாட்டு எங்கள் ஒருவருக்கும் விளங்கவில்லை. பந்தைக் கையால் எறியக்கூடாது, குத்தித்தான் கொடுக்கவேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கவே வெகு நேரம் பிடித்தது. ஒருத்தியின் தோளில் முழங்காலை ஊன்றி மேலே ஏறிப் பந்தைப் பிடித்தாலும் நடுவர் பேசாமல் நிற்கிறார். இது என்ன நீதி என்று வின்சென்ற் மாமா கத்தினார். அவர் இங்கே எத்தனை போட்டிக்கு நடுவராக நின்றவர், அவருக்குத் தாங்கவில்லை. நாலு கம்பம் ஏன் என்று பெரிய வாக்குவாதம். நடுவில் நிற்கிற உயரமான இரண்டுக்கும் உள்ளே போனால் ஆறு புள்ளி, இரண்டு கொடி ஆட்டுவார்கள். பக்கத்துக் கட்டைக் கம்பத்துக்குள் போனால் ஒன்றே ஒன்று, ஒரு கொடி. தங்கேஸ்வரிதான் இதைப் பிடித்தாள். பிடித்ததும் அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டும். அதற்குப் பிறகு கோலுக்குப் பக்கத்தில் பந்து போகும்போதெல்லாம் "ரெண்டு கொடி! ரெண்டு கொடி!" என்று கதிரையில் தட்டினாள்.

எல்லாருக்கும் இருபத்துமூன்றுதான் செல்லம். நீ விழுந்தால் அனஸ்ரேசியா மாமி சேசுவே என்றார். உதடு வெடித்து இரத்தம் வந்தபோது தங்கேஸ்வரி தன் வாயைப் பொத்திக்கொண்டாள். உன்னைவிட இரண்டு மடங்கு பெரிய ஒருத்தியை நீ இடுப்பில் பிடித்து விழுத்தியபோது வின்சென்ற் மாமா எழும்பி நின்று, "இவளைப் பெத்தவன் பால்குடம் எடுக்கவேணுமடா" என்றார். வேதக்காரர் வாயில் பால்குடம். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெற்றவன் அந்த அறையில்தான் இருந்தான், றோல்ஸைச் சோஸில் தோய்த்தபடி. உன் அம்மா மட்டும் கதிரையில் இருக்கவேயில்லை. சுவரோடு சாய்ந்து நின்றாள். அவள் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து வெங்காயம் என்று நினைத்திருப்பார்கள்.

வாயைத் திறந்து, அது என் மகள் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். இடைவேளையில் சொல்லியிருக்கலாம். தேத்தண்ணீர் குடிக்கும்போது சொல்லியிருக்கலாம். முதலில் சொன்ன பொய்யை விழுங்க மனம் வரவில்லை. நேரம் போகப்போக அது தொண்டையில் பெருத்துக்கொண்டே போனது.

கடைசிக் கட்டம் உனக்குத் தெரியும். நாலு புள்ளி பின்னால் நின்றீர்கள். சைரன் அடிக்கிற நேரத்தில் நீ மேலே எழும்பி அந்தப் பந்தைப் பிடித்தாய். எல்லாம் முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். ஆனால் பிடித்தவளுக்கு ஒரு உதை உண்டாம், சைரன் அடித்த பிறகும். மைதானம் முழுக்க நிற்கிறது, நீ மட்டும் பந்தோடு பின்னால் நடக்கிறாய். சிவானந்தன்கூட கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். நீ ஓடி வந்து அடித்தாய். உயரமான கம்பத்தில் பட்ட சத்தம் எங்கள் வீட்டுக்குள் கேட்டது. கம்பத்தில் பட்டால் ஒரு புள்ளிதானாம். ஒரு கொடி. ஒரே ஒரு கொடி.

வின்சென்ற் மாமா தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் இருந்துவிட்டார். அப்போது, நிலத்தில் குந்தியிருந்த நீ எழும்பிக் கமெராவை நோக்கி நடந்து வந்தாய். கிட்டக் கிட்ட வந்தாய். தொப்பியைக் கழற்றினாய். ரப்பரை வாயிலிருந்து எடுத்தாய். இரத்தமும் சேறுமாகச் சிரித்துக்கொண்டு தமிழில் சொன்னாய், "அப்பா, தோத்திட்டம். நீங்கள் சொல்லித்தந்த மாதிரித்தான் அடிச்சனான், கம்பத்திலை பட்டிட்டு. எங்கை பிழைச்சது எண்டு பாத்துச் சொல்லுங்கோ" என்று.

பிறகு படம் நின்றுபோய் ரீவி நீலமாகிவிட்டது.

வின்சென்ற் மாமா தரையிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்து, மெதுவாகத்தான் சொன்னார், "ஞானம், பிள்ளை உன்னைத்தான் கேக்குது" என்று. நான் ரிமோட்டின் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கேஸ்வரி அம்மாவிடம் றோல்ஸ் நல்லாயிருந்தது அக்கா என்று சொல்லி மேற்சட்டையைத் தேடினாள். சிவானந்தனுக்குச் சொல்ல உரிமை இருந்தது. ஏசியிருந்தால், காறித் துப்பியிருந்தால்கூட எனக்குப் பாதிப் பாரம் இறங்கியிருக்கும். அவர் என் தோளில் ஒருதரம் கைவைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அந்தக் கை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்த கிழமையே யதுர்ஷா பயிற்சிக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். பேர்கனுக்கும் போகிறாளாம். அதற்கு நான் காரணமில்லை, நீதான் காரணம். அதை நீ அறிந்திருக்கவேண்டும்.

இனி நடப்பதைக் கேள். அந்த டிவிடியை வின்சென்ற் மாமா அம்மாவிடம் கேட்டு வாங்கிக் கொப்பி அடித்துவிட்டார். எங்கள் ஆட்களிடம் அது வீடு வீடாகப் போகிறது. கழகத்துப் பயிற்சி முடிந்தால் முந்தி இங்கிலாந்து ஆட்டங்களைப் பற்றிக் கதைப்பார்கள். இப்போது உன்னுடைய கடைசி உதைதான் கதை. காற்று வலப்பக்கம் அடித்தது என்கிறது ஒரு கட்சி. மரத்து இலை அசையவில்லை, பதற்றம்தான் என்கிறது இன்னொன்று. பக்கத்தில் நின்றவளுக்குக் கொடுத்திருக்கலாம் என்று ஒருவர் சொல்ல, வின்சென்ற் மாமா இணையத்தில் விதிகளைத் தேடி வாசித்துவிட்டு வந்து, சைரனுக்குப் பிறகு கொடுக்கமுடியாது, கோலுக்குத்தான் அடிக்கவேண்டும் என்று விளக்கம் கொடுக்கிறார். தமிழ்க் கடையில் அரிசி நிறுக்கிற இடத்திலும் இதே வழக்கு நடக்கிறது. அனஸ்ரேசியா மாமி உனக்காக மெழுகுதிரி கொளுத்தினாராம், அடுத்த வருடம் கிண்ணம் எடுக்க.

எந்த ஆட்டமென்றாலும் கடைசியில் ஞானண்ணை என்ன சொல்லுறார் என்று என் பக்கம் திரும்புகிற ஆட்கள் இவர்கள். இப்போது நான் கிட்டப் போனால் குரலைத் தாழ்த்தி, கார் ரயரைப் பற்றிக் கதைக்கத் தொடங்குகிறார்கள். கோபத்தால் இல்லை, என் மனம் நோகக்கூடாதென்றுதான். இரக்கம் இப்படி எரியும் என்று எனக்குத் தெரியாது. ஒஸ்லோ முழுக்க என் மகளைப் பற்றிக் கதைக்கிறது, நான் பந்துகளுக்குக் காற்றடிக்கிற சாட்டில் தள்ளி நிற்கிறேன்.

ஆட்களுக்கு முன்னால் நான் செய்ததை ஆட்களுக்கு முன்னால்தான் திருத்தவேண்டும். கழக மண்டபத்தில் டிவிடியைப் பெரிய திரையில் போடக் கேட்கிறார்கள். போடும் முன்னர் நான் எழும்பி நின்று, இருபத்துமூன்றாம் இலக்கம் என் மகள், நான் இல்லையென்று சொன்னேன், அது பொய் என்று சொல்லப்போகிறேன். உனக்கு விருப்பமில்லை என்றால் செய்யமாட்டேன். அது உன்னுடைய ஆட்டம், என்னுடைய பாவமன்னிப்புக்கு மேடை இல்லை. நீ சொல்.

இனி, நீ என்னிடம் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இதற்குப் பதில் சொல்ல என்னைவிடத் தகுதி குறைந்தவன் இந்த ஊரில் இல்லை. ஆனால் நீ கேட்டது வின்சென்ற் மாமாவை இல்லை. அம்மா வேலைக்குப் போன பிறகு அந்த உதையைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். காற்றுமில்லை, பதற்றமுமில்லை. உன் ஓட்டம் சரி, கால் சரி, பந்தை விட்ட கையும் சரி. பந்து காலில் படுவதற்கு முன்னமே தலையைத் தூக்கிவிட்டாய். பட்ட பிறகுதான் நிமிரவேண்டும். சின்ன வயதிலும் உனக்கு இதே பழக்கம் இருந்தது. அடிக்கும் முன்னரே, அப்பா பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்ப்பாய்.

இனித் தலையைக் குனிந்தே அடி. நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

இந்தக் கடிதம் கையில் கிடைத்த பிறகு வருகிற ஞாயிறு டெலிபோன் எடு. நான்தான் எடுப்பேன். எனக்கு உடனே பேச்சு வராவிட்டால், லைன் வெட்டிவிட்டதென்று நினைத்து வைத்துவிடாதே அம்மா. கொஞ்சம் பொறுத்து நில்.

உன் கையும் காலும் பல்லும் பத்திரமாக இருக்க முருகனை வேண்டி முடிக்கிறேன்.

இருபத்துமூன்றாம் இலக்கத்தின் அப்பா,
ஞானரட்ணம்